ஸ்ரீரங்கத்து எண்ணை இரண்டால் பெருக்குக

1981 ஆகஸ்ட் 12, புதன்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு பிலோமின்ராஜுக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. பத்து நாற்பத்து நான்கு வரை அவருக்கு இருபத்தொன்பதுதான் ஆகியிருந்தது.

தகவல் பழுப்புக் கவரில் வந்தது. கவரைக் கிழித்தவரும் அவரே. சோழமண்டலக் கைத்தறி விற்பனைக் கழகத்தின் ஸ்ரீரங்கம் கிளையில் அவர் ஒருவர்தான் எழுத்தர் என்பதால், தபாலைப் பிரிப்பதும் வேட்டிக் கட்டை எண்ணுவதும் அவர் வேலை. "தங்களுக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைவடைந்துவிட்டபடியால், 31-8-1981 பிற்பகல் முதல் தாங்கள் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறீர்கள். தங்களது பத்தாண்டு சேவையைக் கழகம் பாராட்டுகிறது" என்று எழுதியிருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கீழே வட்ட முத்திரை, நல்ல நீல மையில், ஒரு எழுத்துகூட நசுங்காமல் விழுந்திருந்தது.

பிலோமின்ராஜ் அதற்கு ஒரு வரவு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினார். பிறகுதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

இது எப்படி நேர்ந்தது என்பதை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன்.

கழகத்துக்குத் திருச்சி வட்டாரத்தில் மூன்று கிளைகள். பெரிய கடைவீதிக் கிளையில் வேட்டியை உருப்படியாக எண்ணினார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒற்றை வேட்டி என்ற பேச்சே கிடையாது. பெருமாளுக்குச் சாத்தினாலும் சம்பந்திக்குக் கொடுத்தாலும் ஜோடிதான், பதிவேட்டிலும் ஜோடிதான். உறையூரில் கரைக் கணக்கு. தறியிலிருந்து வந்த வேட்டியின் இரண்டு கரையையும் விரலால் தடவிப் பார்த்து, கரைக்கு ஒரு கோடு போடுவார்கள். கோடுகளைக் கூட்டினால் அதுதான் சரக்கு. ஆகவே பத்து வேட்டி என்பது கடைவீதியில் பத்து, ஸ்ரீரங்கத்தில் ஐந்து, உறையூரில் இருபது. இதனால் யாருக்கும் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

அதற்கு முந்தின வருஷம் கன்டோன்மென்டில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதோடு "விவர ஒருங்கிணைப்புப் பிரிவு" என்று ஒன்று வந்தது. அதற்குத் தனி அதிகாரியாக மெட்ராஸிலிருந்து கோதண்டபாணி வந்தார். மூன்று கிளைகளின் பதிவேடுகளையும் துளை போட்ட அட்டைகளாக மாற்றி, ஒரே மாதிரியாக்கி, ஒரே பீரோவில் வைப்பது அவர் பொறுப்பு. தொடக்க விழாவில் அவர் பேசினார்:

"இதுநாள் வரை நமது கழகத்தில் மூன்று உண்மைகள் இருந்தன. ஒரு நிறுவனத்துக்கு இது பெரிய ஆடம்பரம். இனிமேல் ஒரே ஒரு உண்மைதான். அது சரியா தவறா என்பதை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்வோம். இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை."

பலத்த கைதட்டல். மறுநாள் நான்காவது சுற்றறிக்கை வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் எண்களை இரண்டால் பெருக்குக. உறையூரிலிருந்து வரும் எண்களை இரண்டால் வகுக்குக. கடைவீதி எண்களை உள்ளபடியே ஏற்றுக.

அட்டையில் துளை போடும் வஹீதா மட்டும் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள். "எல்லா எண்ணையுமா சார்? வேட்டிய மட்டுமா?"

"வேட்டிக்கு ஒரு நியாயம், மற்றதுக்கு ஒரு நியாயமா?" என்றார் கோதண்டபாணி. "எனக்கு எல்லா எண்களும் சமம்."

முதலில் தளவாட விவரம் அட்டைக்குப் போனது. ஸ்ரீரங்கம் கிளையில் இருந்த ஒரு சுவர்க் கடிகாரம் இரண்டானது. இரண்டாவது கடிகாரத்தைப் பார்வையிட ஓர் ஆய்வாளர் வந்தார். வாட்ச்மேன் காத்தான் பக்கத்து வெற்றிலைக் கடைக் கடிகாரத்தைக் கேட்டு வாங்கி மாட்டினார். ஆய்வாளர் இரண்டையும் பார்த்து, இரண்டும் வெவ்வேறு மணி காட்டுவதாகக் குறை எழுதிவிட்டுப் போனார். கடிகாரத்துக்குப் பிறகு ஊழியர் விவரம் போனது. அதோடு பிலோமின்ராஜின் வயதும் போனது.

அவர் உத்தரவை எடுத்துக்கொண்டு கிளை மேலாளர் திருவேங்கடாச்சாரியிடம் போனார். மேலாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கி முழுவதும் படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து தன் பெயருக்கு வந்திருந்த இன்னொரு பழுப்புக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உமக்காவது அம்பத்தெட்டு, ஓய். எனக்கு எட்டு."

"எட்டா சார்?"

"அடியேனுக்கு அம்பத்துநாலு. ரெண்டால பெருக்கினா நூத்தெட்டு. திவ்யதேசக் கணக்கு, நன்னாத்தான் இருந்தது. ஆனா வயசுக்கு அட்டையில ரெண்டு கட்டம்தானாம். நூறு வெளியில விழுந்துடுத்து, எட்டு உள்ள நின்னுடுத்து. அம்மை குத்தின தழும்பைக் காட்டச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு. போய்க் காட்டிட்டு வந்தேன்."

"நீங்க ஏன் சார் தப்புன்னு எழுதிப் போடலை?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டு வயசுன்னா ரிட்டயர் ஆறதுக்கு இன்னும் அம்பது வருஷம் இருக்கு. பெருமாள் குடுத்ததைத் திருப்பி அனுப்பறதாவது?"

அந்த அறையில் சரியான வயது காத்தானுக்கு மட்டும்தான் இருந்தது. தினக்கூலி என்பதால் அவருக்கு அட்டை இல்லை.

வேலை போவது ஒரு பக்கம். பிலோமின்ராஜுக்கு செப்டம்பர் 23ஆம் தேதி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் லூர்துராணி, பாலக்கரை. பெண்ணின் தகப்பனார் அற்புதசாமி உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். விஷயம் அவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஓய்வு பெறும் ஊழியருக்குப் பிரிவு உபசார விழா நடத்த வேண்டும் என்பது கழக விதி, விழாவுக்கு அழைப்பிதழ் வேண்டும், கழகத்துக்கு அழைப்பிதழ் அச்சடிப்பது பாலக்கரை அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பிதழ் வந்ததைப் பார்த்த அச்சகக்காரர் இரண்டையும் காயவைத்து, அற்புதசாமியிடம் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அற்புதசாமி ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் கிளைக்கு வந்தார். இரண்டையும் மஞ்சள் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெண் பார்க்கப் போன அன்று வாய்க்கு வாய் தம்பி என்றவர். இன்று அந்தச் சொல் வரவில்லை.

"உட்காருங்க. எனக்கு அம்பத்தேழு. அடுத்த ஜூன்லதான் ரிட்டயர் ஆறேன். நீங்க இந்த மாசக் கடைசியிலயே ஆறீங்க."

"மாமா, என்னப் பாத்தா அப்படியா தெரியுது?"

"தெரியலைங்க. அதான் பயமா இருக்கு."

"மிஷின் பண்ண தப்பு மாமா."

"இருக்கலாம். ஆனா முப்பத்திரண்டு வருஷமா சர்டிபிகேட்டைப் பாத்துத்தான் வயசை நம்பியிருக்கேன். முகத்தைப் பாத்து ஒரு பையனைக்கூட ஸ்கூல்ல சேத்ததில்லை. இதுல சீல் இருக்கு பாருங்க."

"லூர்துராணி என்ன சொல்றாங்க?"

"அவ சிரிக்கறா. 'அப்பா, அவருக்கு மீசையே இப்பத்தான் ஒழுங்கா வருது'ங்கறா. சின்னப் பொண்ணு, ஆபீஸ் விஷயம் அவளுக்கு என்ன தெரியும்." அற்புதசாமி பையை மடித்தார். "செப்டம்பர் ஆறாம் தேதி கோயில்ல முதல் ஓலை வாசிக்கணும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு சாமியார் சபையில சொல்லிட்டா அப்புறம் திருப்ப முடியாது. அதுக்குள்ள இருபத்தொன்பதுன்னு இதே சீல் வெச்சு ஒரு காயிதம் கொண்டாங்க. என்னவிட ஒரு வயசு மூத்தவரை நான் எப்படிங்க மாப்பிள்ளைன்னு கூப்பிடறது?"

திங்கட்கிழமை பிலோமின்ராஜ் தலைமை அலுவலகம் போனார். ஒருங்கிணைப்புப் பிரிவில் அட்டை குத்தும் இயந்திரம் தையல் மிஷின் போல ஓடிக்கொண்டிருந்தது. வஹீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் அந்த அம்பத்தெட்டா சார்? குத்தும்போதே எனக்குச் சந்தேகம். அட்டையில எண்பது கட்டம் இருக்கு, சந்தேகத்துக்கு ஒண்ணுகூட இல்ல."

கோதண்டபாணி அவரை உட்காரச் சொன்னார். வயதானவர் என்பதால் ப்யூனிடம் மோர் கொண்டுவரச் சொன்னார்.

"உங்களைப் பார்த்தால் இளைஞராகத்தான் தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன்" என்றார். "ஆனால் தோற்றத்தை நாங்கள் ஏற்றுவதில்லை."

"பழைய சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பாருங்க சார். அதுல சரியா இருக்கும்."

"அவை எல்லாம் எடைக்குப் போட்டாயிற்று. உண்மை ஒன்றாகிவிட்ட பிறகு பழையது எதற்கு? யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் குழப்பம்தானே வரும்? ஏதாவது சான்று இருந்தால் கொடுங்கள், உடனே திருத்துகிறோம். முறையான வழியில் வரவேண்டும், அவ்வளவுதான்."

பிலோமின்ராஜ் பாலக்கரைக் கோயிலில் ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கினார். பிறந்த தேதி 14-7-1952. முறையான வழி என்றால் கிளை மேலாளர் மூலம் அனுப்புவது. திருவேங்கடாச்சாரி மேலொப்பம் இட்டு அனுப்பினார். அப்போதே அது ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த எண்ணாகிவிட்டது.

ஆறாம் நாள் பதில் வந்தது. "தாங்கள் அனுப்பிய சான்றின்படி தங்கள் பிறந்த தேதி 3904ஆம் ஆண்டு பதினான்காம் மாதம் இருபத்தெட்டாம் தேதி எனத் திருத்தப்பட்டது. தாங்கள் பிறக்க இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்று ஆண்டுகள் உள்ள நிலையில், பணியில் சேர்ந்தது எப்படி என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும். ஓய்வு உத்தரவில் மாற்றமில்லை."

விளக்கம் எழுத உட்கார்ந்தவருக்கு "ஐயா" என்பதற்குமேல் ஓடவில்லை. காத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "பொறந்தப்பறம் எழுதிக்கலாம் விடுங்க சார், நாள் கெடக்கு" என்றார்.

ஆகஸ்ட் 25ஆம் தேதி பிலோமின்ராஜ் மறுபடியும் கன்டோன்மென்ட் போனார். தாழ்வாரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் பயிற்சி வகுப்புக்கு வரிசை நின்றது. மீசை முளைக்காத முகங்களுக்கு நடுவில், கோடு போட்ட நோட்டும் கையுமாக ஒரு வழுக்கைத் தலை நின்றது. உறையூர்க் கிளை மேற்பார்வையாளர் பிச்சமுத்து.

"என்ன அண்ணே, இங்க நிக்கறீங்க?"

"எனக்கு இருபத்துமூணு தம்பி" என்றார் பிச்சமுத்து. "நாப்பத்தாறை வகுத்துட்டாங்க. மூணாவது தடவையா பயிற்சிக்கு வரேன். சாப்பாடு நல்லா இருக்கு. பேனாவை எப்படிப் பிடிக்கணும்னு நேத்து சொல்லிக் குடுத்தாங்க."

பிலோமின்ராஜ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து வருஷமாக ஜோடியை எண்ணிய மூளை அது. ஒரு கணக்கைப் போட்டது. நேராக வஹீதாவிடம் போனார்.

"ஒரு கிளையில இருக்கற ஆளு இன்னொரு கிளைக்கு மாறினா அவர் அட்டை என்ன ஆகும்மா?"

"பழைய அட்டையில இருக்கற எண்ணை, புதுக் கிளை விதிப்படி மாத்திப் புது அட்டை குத்துவேன்."

"ஸ்ரீரங்கத்துலேருந்து உறையூருக்குப் போனா?"

இயந்திரம் நின்றது. வஹீதா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி, பன்னிரண்டாவது சுற்றறிக்கையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஐம்பத்தேழு வயதைக் கடந்த ஊழியர்கள் தள்ளாமையை முன்னிட்டுத் தாம் விரும்பும் கிளைக்கு மாறுதல் கோரலாம்.

"தள்ளாமைன்னு கண்டிப்பா எழுதுங்க சார்" என்றாள். "அந்தச் சொல் இருந்தாத்தான் அவர் கையெழுத்துப் போடுவார்."

பிலோமின்ராஜ் அங்கேயே நின்று மனு எழுதினார். காவிரிப் பாலம் தாண்டித் தினமும் பஸ்ஸில் வந்து போவது இந்த வயதில் இயலவில்லை, எஞ்சிய பணிக்காலத்தை உறையூரில் கழிக்க விரும்புகிறேன். கோதண்டபாணி படித்ததும் அவர் குரல் தழுதழுத்தது.

"எஞ்சிய காலம் என்றால் ஒரு நாள்தான் வரும். பரவாயில்லை. முப்பத்தொன்றாம் தேதி முற்பகல் உறையூரில் சேருங்கள். பிற்பகல் ஓய்வு பெறுங்கள். பெரியவர்கள் கேட்டு இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை." எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். "படி இருக்கிறது, பார்த்து."

முப்பத்தொன்றாம் தேதி காலை பிலோமின்ராஜ் உறையூரில் கையெழுத்திட்டார். சேர்ந்த விவரம் ஆள் மூலம் உடனே தலைமை அலுவலகம் போனது. மாலை நான்கு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் பிரிவு உபசார விழா. உத்தரவு ரத்தாகாதவரை விழாவும் ரத்தாகாது என்பதால் அவர் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் இரண்டு பொன்னாடை. ஸ்ரீரங்கத்துக்காரருக்கு ஒன்று என்று குறிப்பெழுதியதால் இரண்டு வந்திருந்தது. கடைசி வரிசையில் அற்புதசாமி மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, அப்பாவுக்குத் துணை என்று சொல்லி வந்த லூர்துராணி, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

பிலோமின்ராஜ் வாசலையே பார்த்தார். வஹீதாவின் அட்டை ஐந்து மணிக்குள் வராவிட்டால், ஐந்து மணிக்கு அவர் முன்னாள் ஊழியர். முன்னாள் ஊழியர்களுக்கு அட்டை குத்துவதில்லை.

கோதண்டபாணி பேச எழுந்தார்.

"பெரியவர் பிலோமின்ராஜுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆனால் ஒரு முடி நரைக்கவில்லை, ஒரு பல் ஆடவில்லை. இதற்கு என்ன காரணம்? நமது கழகத்தில் யாருக்கும் உடம்பு நோகும்படி வேலை கொடுப்பதில்லை என்பதுதான். இவருடைய அனுபவம் போனால் திரும்பாது. இவர் என்ன வேலை செய்தார் என்பது எனக்குத் தெரியாது, ஆனால் அதைப் பத்தாண்டுகள் செய்திருக்கிறார் என்று அட்டை சொல்கிறது. அதோ உட்கார்ந்திருக்கும் பிச்சமுத்து போன்ற துடிப்பான வாலிபர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

பிச்சமுத்து வழுக்கையைத் தடவிக்கொண்டு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

"இந்த முதியவர் இல்லாத கழகத்தை நினைத்தால் என் நெஞ்சு..." என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி நான்கு நாற்பது. வஹீதா பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, ஓர் அட்டையையும் அதோடு பின் செய்த அச்சுத்தாளையும் மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கோதண்டபாணி குனிந்து பார்த்தார். பெயர் பிலோமின்ராஜ். கிளை உறையூர். பிறந்த தேதி 14-7-1952. வயது 29. சேவை ஐந்தாண்டு.

அட்டையைக் கையில் எடுத்தார். பிறகு பேச்சு நிற்காமல் போயிற்று.

"...என் நெஞ்சு கலங்காது. ஏன் தெரியுமா? மூத்தவர் பிலோமின்ராஜ் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, இதோ, இருபத்தொன்பதே வயதான இளைஞர் பிலோமின்ராஜ் உறையூரில் இன்று காலையே சேர்ந்துவிட்டார். ஒரே நாளில் ஒருவர் போய் ஒருவர் வருகிறார். காலியிடத்தை அரைநாள்கூட விடாத ஒருங்கிணைப்பு இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறது?"

முதல் பொன்னாடையை மூத்தவருக்குப் போர்த்தினார். இரண்டாவதை இளைஞருக்குப் போர்த்தினார். ஒரே தோள் என்பதால் கொஞ்சம் புழுக்கமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அற்புதசாமி மேடைக்கு வந்தார். அட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஓட்டையாத்தான் இருக்கு. சீல் எங்கம்மா?"

வஹீதா அச்சுத்தாளின் அடியில் முத்திரையை அழுத்தினாள். நல்ல நீல மை. அற்புதசாமி அதை ஊதிக் காயவைத்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வாங்க தம்பி, காப்பி சாப்பிட்டுப் போகலாம். அந்தப் போர்வையெல்லாம் கழட்டுங்க, வேர்க்குது பாருங்க."

செப்டம்பர் ஆறாம் தேதி ஓலை வாசித்தார்கள். இருபத்துமூன்றாம் தேதி கல்யாணம் நடந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து எட்டு வயது மேலாளர் ஜோடி வேட்டியோடு வந்து வாழ்த்திவிட்டுப் போனார்.

அதன்பிறகு பிலோமின்ராஜ் உறையூரிலேயே இருந்தார். அவருடைய யோசனையின்பேரில் பிச்சமுத்து ஓர் ஏற்பாடு செய்தார். கரைக் கணக்கில் போகும் வேட்டியைத் தவிர, தலைமை அலுவலகத்துக்குப் போகும் எந்த எண்ணையும் இரண்டு மடங்காக எழுதுவது. நாற்காலி நான்கு என்றால் எட்டு. விடுப்பு மூன்று நாள் என்றால் ஆறு. அங்கே வகுத்ததும் எல்லாம் சரியாகிவிடும். அடுத்த ஆண்டு விழாவில் பிழையே இல்லாத கிளை என்று உறையூருக்குக் கேடயம் கொடுத்தார்கள். "இயந்திரத்திடம் உண்மையை மட்டுமே சொன்னால் இயந்திரமும் உண்மையையே சொல்லும் என்பதற்கு உறையூர் சாட்சி" என்று கோதண்டபாணி பேசினார். ஊழியர்கள் கை தட்டினார்கள். அதையும் இரண்டு மடங்காகவே தட்டினார்கள்.

1982 நவம்பரில் பிலோமின்ராஜுக்குப் பெண் பிறந்தது. பெயர் வைப்பதில் சிக்கல். தன் அம்மா ரோசம்மாளின் பெயர்தான் என்றார் பிலோமின்ராஜ். தன் அம்மா அற்புதம்மாளின் பெயர்தான் என்றாள் லூர்துராணி. இரண்டு வீட்டாரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. இதற்கிடையில், ஆஸ்பத்திரி அட்டைக்காகக் குழந்தையின் விவரத்தைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவரின் தோளுக்கு மேலாக லூர்துராணி எட்டிப் பார்த்தாள்.

"குழந்தைகள் ரெண்டுன்னு எழுதறீங்க?"

"ஒண்ணுன்னு எழுதினா அரைதான் போய்ச் சேரும்."

"பேரு ரெண்டு கேக்குமே?"

பிலோமின்ராஜ் கொஞ்சம் யோசித்தார். பிறகு முதல் வரியில் ரோசம்மாள் என்றும் இரண்டாவது வரியில் அற்புதம்மாள் என்றும் எழுதி மையொற்றினார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. எண்ணை வகுக்கத்தான் விதி இருந்தது, பெயரை வகுக்க இல்லை. பெண் குழந்தை: ஒன்று. பெயர்: ரோசம்மாள் அற்புதம்மாள். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அது உருப்படியாக ஒருங்கிணைத்தது அந்த ஒன்றைத்தான்.

அற்புதசாமி தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து அடிப்பகுதியைப் பார்த்தார்.

"சீல் இருக்கு" என்றார். "அப்ப இதுதான் பேரு."